காய்ச்சல் இல்லாத வீட்டில் ரொட்டி

வடகரையில் ஒரு வீட்டுக்குள் ரொட்டி போகிறது என்றால், அங்கே யாரோ பாயில் விழுந்துவிட்டார்கள் என்று தெருவே முடிவு கட்டிவிடும். பரோட்டாவும் பத்திரியும் வேறு. அவை வாய் ருசிக்கு. இது துண்டு போட்டுக் கவரில் வரும் பேக்கரி ரொட்டி. காய்ச்சல்காரனுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது சாத்துக்குடியோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொள்வது. நல்ல உடம்போடு இருக்கும் ஒருவர் அதை ஆசைப்பட்டு வாங்கித் தின்றால், என்ன, மேலுக்கு முடியலையா என்று நாலு பேராவது கேட்காமல் விடமாட்டார்கள். இந்த வழக்கத்தை யார் கொண்டுவந்தார்களோ தெரியாது. ஹைருன் பீவியின் வாழ்க்கையில் அது புகுந்து செய்த வேலையை நினைத்தால், அந்த ஆள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஹைருன் பீவி வடகரையிலேயே பிறந்து, பக்கத்துத் தெருவுக்கே வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை மூசா. கல்யாணப் பந்தலின் ஓலை காய்வதற்குள் மனிதர் சவூதிக்கு விமானம் ஏறிவிட்டார். தம்மாமில் ஒரு பேக்கரியில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடியது. இந்தக் காலமெல்லாம் அவள் தொழுகைப் பாயில் உட்கார்ந்து கையேந்திக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை கேட்கவில்லை, மாடி வீடு கேட்கவில்லை. அவரை எனக்கு வீட்டோடு கொடுத்துவிடு அல்லா, அவ்வளவுதான்.

லீவில் வரும் மூசாவை அவள் தரையில் நடக்கவிட்டதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் இடியாப்பமும் கறியும், மதியம் நெய்ச்சோறும் தாளிச்சாவும், சாயங்காலம் ஏதாவது ஒரு பலகாரம். அவர் அடுப்படிப் பக்கம் தலை நீட்டினால், "உங்களுக்கு இங்கன என்ன சோலி? போய் உக்காருங்க" என்று விரட்டிவிடுவாள். இரண்டு மாதமும் அவர் விருந்தாளியாக உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவார். அங்கே அவர் என்ன செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பேக்கரி என்றால் பேக்கரி. அதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு வருஷம் கார்கோவில் ஓவன் ஒன்று அனுப்பினார். மேஜை மேல் வைக்கிற அளவில் பெரிய பெட்டி. அதை ஹாலில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்து, பூப்போட்ட துணியால் மூடி, மேலே பிளாஸ்டிக் பூஜாடியையும் ஏற்றினாள் ஹைருன் பீவி. வருகிறவர்கள் கேட்பார்கள். "சவூதி ஓவன்" என்பாள். உள்ளே என்ன சூடு வரும் என்று அந்த ஓவனுக்கே தெரியாமல் கிடந்தது.

பிறகு பேக்கரி கைமாறியது. புது முதலாளிக்குப் பழைய ஆட்கள் வேண்டாம். மூசா பெட்டி படுக்கையோடு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். அன்றைக்கு ஹைருன் பீவி அழுத அழுகையைப் பார்த்தவர்கள், அவருக்கு வேலை போய்விட்டதே என்று அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் கேட்டது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அழுதாள்.

முதல் சில வாரம் நெய்ச்சோறு ஓடியது. லீவு என்றால் இரண்டு மாதத்தில் தின்னும் கடமை முடிந்துவிடும். இது முடியாத லீவு. மூசா பள்ளிக்குப் போய்த் தொழுதார், வந்தார், உட்கார்ந்தார், மறுபடி பள்ளிக்குப் போனார். ஒருநாள் காலையில் எழுந்து பூஜாடியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, துணியை உருவி, ஓவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

"என்ன செய்யுதிய?" என்று பதறி ஓடினாள் ஹைருன் பீவி.

"ரொட்டி சுடப்போறேன். கோதுமை ரொட்டி. உனக்குத்தான் சுகர் ஆரம்பிச்சிருக்குன்னு சஃப்ரின் சொன்னாளே."

சஃப்ரின் அவர்களுடைய ஒரே மகள். அவளுக்குத் தென்காசியில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. நாள் குறிப்பதுதான் பாக்கி.

மூசா செங்கோட்டையில் கோதுமை வாங்கி, மில்லில் இரண்டு தடவை நைசாக அரைத்துக்கொண்டு வந்தார். தவிட்டைச் சலிக்கவில்லை. பாலும் தண்ணீரும் வெதுவெதுப்பாக ஊற்றிப் பிசறி, அப்படியே மூடி வைத்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பிசைய வேண்டியதுதானே?" என்றாள். "மாவு தண்ணி குடிக்கணும். அவசரப்பட்டா ரொட்டி செங்கல்லாப் போயிரும்" என்றார். அப்புறம் ஈஸ்டைக் கரைத்துச் சேர்த்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். சப்பாத்திக்கு இந்நேரம் இரண்டு தடவை மாவு பிசைந்திருக்கலாம். நடுவில் ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி, இரு கை விரலாலும் மெதுவாக இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். மாவு கிழியாமல் சவ்வாக விரிந்து, அதன் வழியே வெளியே நின்ற தென்னை மங்கலாகத் தெரிந்தது. "இந்தப் பதம்தான்" என்றபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

அது ஆனி மாதம். குற்றாலத்துச் சாரல் வடகரை வரை வந்து எதையும் காயவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. குளிரில் மாவு எழும்பாது என்று, சோறு வடித்த கஞ்சிப் பானையின் மூடி மேல் மாவுப் பாத்திரத்தை ஏற்றி வைத்தார். அவளுக்குக் கஞ்சி வேண்டும், அவருக்குக் கஞ்சிப் பானை வேண்டும். அந்தச் சின்ன அடுப்படியில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். "ஆம்பிளைக்கு அடுப்படியில என்ன வேலை" என்று முணுமுணுத்துக்கொண்டே, கதவோரம் நின்று அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ரொட்டி நன்றாகவே வந்தது. ஆறட்டும் என்று காத்திருந்து, அறுத்து, முதல் துண்டை அவளிடம் நீட்டினார்.

"சீக்குக்காரவுக திங்குறது. எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. மீதியைத் துண்டு போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் அஸர் தொழுகை முடிவதற்குள் பக்கத்து வீட்டு ஷமீம் பானு ஒரு பை சாத்துக்குடியோடு வந்து நின்றாள்.

"மைனி, மூசா காக்காவுக்கு மேலுக்கு எப்படி இருக்கு?"

அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லி, சஃப்ரினையும் சேர்த்து வீட்டில் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மூசா விடவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சுட்டார், தெருவுக்கும் போனது. ரொட்டி போகப் போகச் சாத்துக்குடி வந்துகொண்டே இருந்தது. நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து கொடுக்கிறவர்களை என்ன சொல்ல முடியும்? ஒரு ஜும்மாவில் தொழுகை முடிந்ததும், சவூதியிலிருந்து உடல்நலமில்லாமல் வந்திருக்கும் மூசாவுக்கு அல்லா ஷிஃபா தரட்டும் என்று ஹஜ்ரத் துஆ கேட்டுவிட்டார். மூசா அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, "நானும் சத்தமா ஆமீன் சொல்லிட்டேன்லா" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

ஹைருன் பீவிக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளியில் கேட்ட துஆ தென்காசி வரை போகாமலா இருக்கும்? தீராத சீக்கு, அதனால்தான் கம்பெனிக்காரன் அனுப்பிவிட்டான், அதுதான் மூன்று வேளையும் ரொட்டி என்று பேச்சு முளைத்துவிட்டதை ஷமீம் பானுவே வந்து சொன்னாள். பெண்ணின் வாப்பாவுக்குச் சீக்கு, வருமானமும் இல்லை என்று தெரிந்தால் எந்த வீட்டில் நாள் குறிப்பார்கள்? அவள் பயந்ததில் தப்பில்லை. பெண்ணைப் பெற்ற யாருக்கும் வரும் பயம்தான்.

அடுத்த வாரமே மாப்பிள்ளையின் உம்மாவும் அவளுடைய நாத்தனார்கள் இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினார்கள். கையில் சாத்துக்குடிப் பை. கூடவே தென்காசி பேக்கரி ரொட்டி, பெரிய கவர்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?" என்று மாப்பிள்ளையின் உம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அதே நேரம் முழங்கை வரை மாவோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தார் மூசா.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையே! ரொட்டி சுடுதேன். வேலை செஞ்ச கைல்லா, சும்மா இருக்க மாட்டேங்குது." கையைக் கழுவிவிட்டு, காலையில் சுட்டு ஆறியிருந்த ரொட்டியை அறுத்து, ஷோகேசில் இருந்த நல்ல தட்டை எடுத்து அதில் அடுக்கிக்கொண்டு வந்தார். "வீட்டுல செஞ்சது. மைதா ஒரு துளி கிடையாது. பஞ்சா இருக்கும், தின்னு பாருங்க."

தட்டு மூன்று பேர் முன்னாலும் போனது. ஒருத்தி இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாள். இன்னொருத்தி பல்வலி என்றாள். மாப்பிள்ளையின் உம்மா தட்டைப் பார்த்தாள், மூசாவைப் பார்த்தாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். யாரும் கை வைக்கவில்லை. தட்டை நீட்டியபடி மூசா நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஹைருன் பீவி செய்திருக்க வேண்டியது ஒரு சின்ன காரியம். கையை நீட்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டிருந்தால் போதும். பெண்டாட்டியே தின்கிறாள், நல்ல உடம்புக்காரி தின்கிறாள் என்று அவர்களும் எடுத்திருப்பார்கள். எடுக்காமல் போனாலும்தான் என்ன, அந்த மனிதர் தனியாக நின்றிருக்க மாட்டார். இன்றைக்கு வரைக்கும் அவள் நினைத்து நினைத்து மாய்ந்துபோவது அந்த ஒரு துண்டைத்தான். அன்றைக்கு அவள் சொன்னது இது:

"அதை உள்ள கொண்டு போய் வையுங்க."

கொண்டுபோய் வைத்தார். வந்தவர்கள் தேயிலைத் தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். கார் தெருமுனை திரும்பியதும் அவள் அடுப்படிக்குள் போய் நின்று கொட்டிவிட்டாள்.

"இருபத்தாறு வருஷம் அங்கன இருந்தியள்லா? இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா என்ன கெட்டுப்போச்சு? பிள்ளைக்கு ஒரு கல்யாணம் முடியுற வரைக்கும் அங்கனயே இருந்திருக்கக் கூடாதா?"

ஓவனில் வெந்துகொண்டிருந்தது வேகட்டும் என்று மூசா காத்திருந்தார். வெந்ததும் வெளியே எடுத்து வைத்தார். ரொட்டி டின்னைத் தேய்த்துக் கழுவினார். ஓவன் ஆறியதும் உள்ளும் புறமும் துடைத்து, ஹாலில் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்து, பூப்போட்ட துணியை விரித்து, பூஜாடியையும் எடுத்து மேலே வைத்தார். பூ வாசலைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது அவளுடைய வழக்கம். அதையும் திருப்பி வைத்தார். அப்பாடா, மனிதர் புரிந்துகொண்டார் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இப்போது தன்னை மன்னிக்க முடியாமல் கிடக்கிறாள்.

அதன்பிறகு அவர் ஹால் நாற்காலியில் உட்கார்ந்தார். தாகம் எடுத்தால் அடுப்படிக்குள் போகாமல், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று அங்கிருந்தே கேட்டார். சொந்த வீட்டில் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்கிறாரே என்று அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். கல்யாண வேலையில் அதை நினைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது? நாள் குறித்தாயிற்று. தெருவுக்கு ரொட்டி போவது நின்றதும் சீக்குப் பேச்சும் தானாகவே ஓய்ந்துபோயிற்று. சஃப்ரின் நிக்காஹ் குறையில்லாமல் நடந்தது, அவளும் தென்காசிக்குப் போய்விட்டாள்.

வலீமா விருந்து முடிந்த வாரத்தில் மூசா சொன்னார். "பழைய கூட்டாளி ஒருத்தன் விசா அனுப்பியிருக்கான். கேம்ப் மெஸ்ல வேலை. போயிட்டு வாரேன்."

"எதுக்கு? இனி என்ன குறை நமக்கு?"

"குறைன்னு இல்லை. இங்கன இருந்து நான் என்ன செய்ய, சொல்லு?"

அப்போது அவள் வாய் திறந்திருக்கலாம். ரொட்டி சுடுங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கூச்சம். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன கூச்சம் என்று கேட்பீர்கள். இருபத்தாறு வருஷத்தில் இவர்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. கூச்சம் எப்படிப் போகும்? அவள் மாசிக் கருவாட்டுத் தூளும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். செங்கோட்டை ஸ்டேஷனில் அவள் அழுதபோது, "அழாதட்டி. லீவுல வருவேன்லா" என்றார்.

மகளைப் பார்க்க ஒருநாள் தென்காசிக்குப் போனபோது சம்பந்தி அம்மாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "அன்னைக்கு உங்க வீட்டுல காக்கா ஒரு ரொட்டி கொண்டுவந்தாகளே. மணம் மூக்கை விட்டுப் போகலை போங்க. சீக்குக்காரவுகளுக்கு வச்சதை நாம அள்ளித் திங்கக் கூடாதேன்னு கை வைக்காம வந்துட்டேன். எனக்கும் சுகர்தான். அந்த மாதிரி எங்கயாவது கிடைக்குமா?"

ஹைருன் பீவி பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் பூஜாடியைத் தூக்கித் தரையில் வைத்தாள். கோதுமை வாங்கினாள், அரைத்தாள். முதல் ரொட்டி அவர் சொன்னபடியே செங்கல்லாக வந்தது. தெருவில் மேய்கிற ஆட்டுக்குட்டிகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. மாவைத் தண்ணீர் குடிக்க விடவில்லை என்று ஞாபகம் வந்தது. இரண்டாவது ரொட்டியைச் சூட்டோடு அறுத்ததில் உள்ளே களியாக ஒட்டியது. ஆற விட வேண்டும் என்று ஞாபகம் வந்தது. கதவோரம் நின்று வேண்டாவெறுப்பாகப் பார்த்ததாகத்தான் நினைத்திருந்தாள். அவர் கை போன போக்கு, எண்ணெய் விட்ட நேரம், தட்டிப் பார்த்து வெந்துவிட்டது என்று தலையசைத்தது, ஒன்று விடாமல் உள்ளே இருந்தது. இவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்கிறோமே, வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று மாவைப் பிசைந்துகொண்டே அழுதாள்.

இந்த வருஷச் சாரலில்தான் பதம் கூடி வந்தது. விரலில் இழுத்த மாவின் வழியே அதே தென்னை தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மூசாவுக்கு வேலை இல்லாத நாளில், வீடியோவில் கூப்பிட்டாள். கட்டில்கள் அடுக்கடுக்காகப் போட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"அங்கன ரொட்டி வேலைதான?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்லட்டி. பாத்திரம் கழுவுதேன். ரொட்டி கவர்ல வந்துரும்."

அவள் போனைத் திருப்பி ரொட்டியைக் காட்டினாள். மூசா முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "மேல லேசா அமுக்கிப் பாரு. எழும்புதா?" என்றார்.

"எழும்புது."

"கோதுமையா? சலிக்காமலா?"

"சலிக்கலை." அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "வந்துருங்க. வந்து இங்கன ரொட்டி சுடுங்க. யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

மூசா சிரித்தார். கோபமோ குத்தலோ இல்லாத நல்ல சிரிப்பு. "அதான் நீயே சுட்டுட்டியே ஹைரு. என்னோடதை விட நல்லா வந்திருக்கு. இனிமே அங்கன நான் எதுக்கு?" என்றார். அவள் முகத்தைப் பார்த்து, "லீவு கிடைக்கட்டும், வாரேன். எனக்குன்னு ஒண்ணு சுட்டு வை, என்ன?" என்றார். போன் அணைந்தது.

ரொட்டி ஆறியதும் அறுத்தாள். ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். அவர் சொன்னது போலப் பஞ்சாகத்தான் இருந்தது. ஒரு ஆளுக்கு அது அதிகம். மீதியைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் ஷமீம் பானு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தாள். கையில் சாத்துக்குடிப் பை.

"மைனி, வீட்டுல நீங்க ஒத்தையிலல்லா இருக்கிய! யாருக்கு முடியலை?"

"எனக்குத்தான்ட்டி."

ஷமீம் பானு பையைக் கீழே வைத்துவிட்டு, புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். நெற்றியிலும் வைத்துப் பார்த்தாள்.

"மேலு சுடலையே மைனி" என்றாள்.

ஹைருன் பீவி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.